வீரரின் வேலையும் பறிபோன எம்.பி. பதவியும்

கால்பந்து கழகம் ஒன்று தன் வீரர்களைப் பற்றி வெளியிடும் குறிப்பில் வழக்கமாக இடம்பெறும் விவரங்கள் சில உண்டு. பெயர், பிறந்த ஆண்டு, உயரம், எடை, களத்தில் நிற்கும் இடம், ஆடிய ஆட்டங்கள், அடித்த கோல்கள். முழுநேர வீரர் என்றால் குறிப்பு அத்துடன் முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் இரண்டாம் நிலைக் கழகங்களைப் பொருத்தவரை இன்னும் ஒரு விவரம் இல்லாமல் வீரரைப் பற்றிய குறிப்பு நிறைவு பெறாது. அது, அந்த வீரர் பிழைப்புக்காகச் செய்யும் வேலை.

மின்பணியாளர், தச்சர், காவலர், ஆசிரியர் என்று வீரருக்கு வீரர் அது மாறும். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான விவரம்தான். ஆனால், மெல்போர்ன் நகரின் கோபர்க் கழகத்தைச் சேர்ந்த ஒருவரின் வேலை, அந்நாட்டு அரசியல் சட்ட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த எம்.பி. பதவியை 1992-ல் அவரிடமிருந்து பறித்தது அந்த வேலைதான். அவர் பெயர் ஃபில் கிளியரி. வேலை: அரசுப் பள்ளி ஆசிரியர்.

"ஆதாயம் தரும் பதவி" என்ற சொற்றொடரை 2006-ல் நாள்தோறும் கேட்டுப் பழகிய இந்திய வாக்காளருக்கு அந்த வழக்கு அன்னியமானது அல்ல. அதில் எழுந்த கேள்விக்கு இந்தியாவும் இன்றுவரை நேரான விடை கண்டுவிடவில்லை.

பகலில் வேலை, மாலையில் பயிற்சி

ஆஸ்திரேலியக் கால்பந்து என்பது உலகம் அறிந்த கால்பந்து அல்ல. 1859-ல் மெல்போர்னில் விதிகள் வகுக்கப்பட்ட தனி ஆட்டம் அது. முட்டை வடிவப் பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி சக வீரருக்கு அனுப்பலாம். மைதானமும் முட்டை வடிவமே. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளிகள். பக்கவாட்டு இடைவெளியில் சென்றால் 1 புள்ளி.

இந்த ஆட்டத்தின் உச்சியில் இருப்பது ஆஸ்திரேலிய கால்பந்து லீக். அதில் ஆடும் ஆடவர்களுக்கு இன்று அதுவே முழுநேரத் தொழில். அதற்கு அடுத்த நிலையில் உள்ள மாநிலக் கழகங்களின் நிலை வேறு. அங்கே வீரருக்கு ஊதியம் உண்டு. ஆனால் அதைக் கொண்டு குடும்பம் நடத்த முடியாது. பகலில் வேலை, வார நாள்களில் மாலைப் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம் என்பதே வழக்கம். 2017-ல் தொடங்கிய பெண்களுக்கான தேசிய லீக்கும் பகுதிநேர வீராங்கனைகளைக் கொண்டே தொடங்கியது.

வேலைக்கும் கழகத்துக்கும் உள்ள பிணைப்பு பழையது. 1930-ல் உயர்நிலை லீக், ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வீரருக்குத் தரக் கூடாது என்று வரம்பு விதித்தது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலம். பணத்தைக் கூட்டித் தர முடியாத கழகங்கள் வேலையைக் காட்டி வீரர்களை இழுத்தன. சவுத் மெல்போர்ன் கழகத்தின் தலைவராக இருந்த மளிகைக் கடைகளின் அதிபர், வெளி மாநில வீரர்களைத் தன் கடைகளில் வேலைக்கு அமர்த்திக்கொண்டே அணியைக் கட்டினார்.

மூன்று வீரர்கள்

மெல்போர்னின் வட புறநகரான கோபர்க், தொழிலாளர்களும் குடியேறியவர்களும் நிறைந்த பகுதி. 1997-ல் மூடப்பட்ட பென்ட்ரிட்ஜ் சிறைச்சாலை இருந்ததும் இங்கேதான். 1891-ல் தோன்றிய கோபர்க் கழகம், 1925-ல் விக்டோரிய கால்பந்து சங்கத்தில் சேர்ந்தது. 1926, 1927, 1928 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் சங்கக் கோப்பையை வென்றது.

இக்கழகத்தின் பழைய வீரர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பாப் பிராட். 1934-ல் உயர்நிலை லீக்கில் சவுத் மெல்போர்னுக்காக ஒரே பருவத்தில் 150 கோல்கள் அடித்தவர். அடுத்த ஆண்டு, இறுதி ஆட்டத்துக்குச் சில நாள்களே இருந்தபோது, டிராமிலிருந்து இறங்கியவர் மீது செங்கல் ஏற்றி வந்த லாரி மோதியது. இறுதி ஆட்டத்தில் அவரால் ஆட இயலவில்லை. பின்னர் கோபர்க்குக்கு வந்த பிராட், 1941-ல் ஒரே பருவத்தில் 183 கோல்கள் அடித்தார். அடுத்த ஆண்டு உலகப் போரின் காரணமாகச் சங்கத்தின் ஆட்டங்களே நின்றுபோயின.

இரண்டாமவர் கோபர்க்குக்கு அருகில் உள்ள நார்த்கோட் கழகத்தின் டக் நிக்கல்ஸ். ஆஸ்திரேலியப் பழங்குடியினர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கம்மரகுஞ்சா குடியிருப்பில் 1906-ல் பிறந்தவர். உயரம் 5 அடி 2 அங்குலம். உயர்நிலைக் கழகமான கார்ல்டனில் சேர முயன்றபோது, நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு உடல் பிடித்துவிடக் கூட அங்கிருந்த பணியாளர்கள் முன்வரவில்லை. நார்த்கோட் அவரை ஏற்றுக்கொண்டது. 1929-ல் அக்கழகம் கோப்பை வென்றபோது அணியில் அவரும் இருந்தார். அந்த ஆட்டத்திறனே பின்னர் உயர்நிலைக் கழகமான ஃபிட்ஸ்ராயின் கதவையும் திறந்தது.

பிற்காலத்தில் நிக்கல்ஸ் பாதிரியாராகவும் பழங்குடி உரிமைப் போராளியாகவும் அறியப்பட்டார். 1967-ல் பழங்குடியினர் தொடர்பாக நடைபெற்ற அரசியல் சட்டப் பொது வாக்கெடுப்புக்காகப் பாடுபட்டார். 1972-ல் "சர்" பட்டம் பெற்றார். 1976-ல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநரானார். பழங்குடியினர் ஒருவர் அந்நாட்டில் ஆளுநரானது அதுவே முதல் முறை. ஒரு கழகத்தில் தீண்டத் தகாதவராக நடத்தப்பட்டவரின் பெயரில்தான், 2016 முதல் ஆஸ்திரேலிய கால்பந்து லீக் தனது பழங்குடியினர் சிறப்புச் சுற்றை நடத்தி வருகிறது.

மூன்றாமவர் ஃபில் கிளியரி. 1952-ல் பிறந்தவர். 1975-ல் கோபர்க் அணிக்கு வந்து 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார். 1984-ல் பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார். 1988, 1989 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவரது பயிற்சியில் கோபர்க் கோப்பையை வென்றது.

இந்த வெற்றிகளுக்கு முன்னதாக, 1987-ல் அவரது தங்கை முன்னாள் காதலனால் கோபர்க்கில் கொலை செய்யப்பட்டார். ஆத்திரமூட்டப்பட்டதால் செய்தேன் என்ற எதிர்வாதத்தின் பேரில், கொலைக் குற்றத்துக்குப் பதிலாகக் குறைந்த குற்றத்துக்கே அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அந்தச் சட்டத்துக்கு எதிராகக் கிளியரி ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார். 2005-ல் விக்டோரிய மாநிலம் அந்த எதிர்வாதத்தையே சட்டத்திலிருந்து நீக்கியது. மைதானத்துக்கு வெளியேயும் அவர் பெயர் அறியப்பட்டதற்கு இதுவும் காரணம்.

பிரதமர் விட்டுச் சென்ற தொகுதி

கோபர்க் அடங்கிய வில்ஸ் தொகுதி, தொழிற்கட்சியின் கோட்டை. 1980 முதல் அதன் எம்.பி.யாக இருந்தவர் பாப் ஹாக். 1983 முதல் பிரதமர். 1991 டிசம்பரில் கட்சிக்குள் நடந்த தலைமைப் போட்டியில் பால் கீட்டிங்கிடம் தோற்ற அவர், அடுத்த சில வாரங்களில் எம்.பி. பதவியையும் விட்டு விலகினார். 1992 ஏப்ரல் 11-ல் இடைத்தேர்தல் நடைபெற்றது. 22 பேர் களத்தில் இருந்தனர்.

இறக்குமதி வரிக் குறைப்பால் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியிருந்த நேரம் அது. தொழிற்கட்சி அரசே இக்கொள்கையை நடைமுறைப்படுத்தியதில் தொகுதித் தொழிலாளர்களுக்குக் கடும் கோபம். அந்தக் கோபத்துக்குக் குரல் கொடுத்துச் சுயேச்சையாக நின்றார் கிளியரி. முதல் விருப்ப வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பெற்று முன்னிலை வகித்தார். பிற வேட்பாளர்களின் விருப்ப வாக்குகளும் சேர, பிரதமர் விட்டுச் சென்ற தொகுதியைக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் கைப்பற்றினார்.

தோல்வியுற்ற வேட்பாளர்களில் ஒருவரான சைக்ஸ் வழக்குத் தொடுத்தார். ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 44-வது பிரிவு, அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியற்றவர் என்கிறது. கிளியரி விக்டோரிய மாநிலக் கல்வித் துறையின் நிரந்தர ஆசிரியர். 1990 முதல் ஊதியமில்லா விடுப்பில் இருந்தார். வகுப்புக்குச் செல்லவில்லை, சம்பளமும் வாங்கவில்லை. வாக்குப்பதிவு முடிந்து, வெற்றி உறுதியாகத் தெரிந்ததும், ஏப்ரல் 16-ல் ராஜிநாமா செய்தார். முடிவு முறைப்படி அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகு, ஏப்ரல் 22-ல்.

இந்த ஆறு நாள் இடைவெளியே அவரைக் காப்பாற்றும் என்று அவர் தரப்பு நம்பியது. அந்நாட்டின் உச்சபட்ச நீதி அமைப்பான உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. "தேர்ந்தெடுக்கப்படுதல்" என்பது முடிவு அறிவிக்கப்படும் கணம் மட்டுமன்று. வேட்புமனு தாக்கலிலிருந்தே அது தொடங்கிவிடுகிறது என்று 1992 நவம்பர் 25-ல் தீர்ப்பளித்தது. ஊதியமில்லா விடுப்பில் இருந்தாலும் பதவி பதவியே என்றது. ஏழு நீதிபதிகளில் டீன் ஒருவரே கிளியரிக்கு ஆதரவாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். தேர்தல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

வழக்கில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. தொழிற்கட்சி வேட்பாளர் கிரேக்கத்தில் பிறந்தவர். லிபரல் கட்சி வேட்பாளர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற பின்னும் இருவரும் பிறந்த நாட்டின் குடியுரிமையை முறைப்படி கைவிடவில்லை. எனவே, அதே 44-வது பிரிவின்படி அவர்களும் தகுதியற்றவர்களே. முதல் மூன்று இடங்களைப் பிடித்த மூவருமே நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் தகுதி இல்லாதவர்கள் என்பதே தீர்ப்பின் சாரம்.

பொதுத்தேர்தல் நெருங்கியதால் வில்ஸ் தொகுதியில் மீண்டும் இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. 1993 மார்ச்சில் கிளியரி மறுபடியும் போட்டியிட்டு வென்றார். இம்முறை அவர் ஆசிரியர் பதவியில் இல்லை. 1996 தேர்தலில் தொழிற்கட்சியிடம் தோற்றார். பின்னர் ஒலி, ஒளிபரப்புகளில் கால்பந்து வர்ணனையாளராகவும் எழுத்தாளராகவும் அறியப்பட்டார்.

தில்லியில் அதே கேள்வி

இந்திய அரசியல் சட்டத்தின் 102-வது பிரிவும் 191-வது பிரிவும் இதே தடையை விதிக்கின்றன. இரு நாடுகளும் இதைப் பெற்றது பிரிட்டனிடமிருந்து. மன்னர் பதவிகளை வாரி வழங்கி நாடாளுமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்பதே தடையின் மூல நோக்கம். ஆனால் இந்தியாவில் ஒரு விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. தகுதியிழப்புக்கு உள்ளாகாத பதவிகள் எவை என்பதை நாடாளுமன்றமே சட்டமியற்றி அறிவிக்கலாம்.

அந்த வாசல் எப்படிப் பயன்பட்டது என்பதை 2006 காட்டியது. உத்தரப் பிரதேச திரைப்பட வளர்ச்சிக் கழகத் தலைவர் பதவியை வகித்ததற்காக ஜெயா பச்சன் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். பணம் பெற்றாரா என்பது முக்கியமல்ல, பெற வாய்ப்புள்ள பதவியா என்பதே கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். தேசிய ஆலோசனைக் குழுத் தலைவர் பதவி தொடர்பாகச் சர்ச்சை எழுந்ததும் சோனியா காந்தி மக்களவை உறுப்பினர் பதவியை ராஜிநாமா செய்து, ரேபரேலி இடைத்தேர்தலில் 4 லட்சத்துக்கும் அதிக வாக்கு வித்தியாசத்தில் திரும்பி வந்தார்.

தொடர்ந்து, பல வாரியத் தலைவர் பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்கு அளிக்கும் மசோதா நிறைவேறியது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்ப, சட்டமாயிற்று. அச்சட்டம் செல்லும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கேதான் கோபர்க் ஆசிரியரின் கதை நினைவுக்கு வர வேண்டும். இந்தியச் சட்டம் விலக்கு அளித்தது, ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்கள் வகிக்கும் பதவிகளுக்கு. அரசு வேலையில் இருந்தபடி உறுப்பினராக விரும்பும் ஆசிரியருக்கோ, ரயில்வே ஊழியருக்கோ அல்ல. அவர்கள் வேலையை விட்டுவிட்டுத்தான் வேட்புமனு தாக்கல் செய்ய வேண்டும். மனுக்கள் பரிசீலிக்கப்படும் நாளில் அவர்கள் அரசுப் பணியில் இருக்கக் கூடாது. நடத்தை விதிகளும் அதைத் தடை செய்கின்றன.

அதே நேரத்தில், பல்கலைக்கழகப் பணி அரசுப் பதவியாகக் கருதப்படுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியரான மனோஜ் ஜா, 2018-ல் அந்தப் பணியைத் துறக்காமலே மாநிலங்களவைக்கு வந்தார். இருவரும் ஆசிரியர்களே, இருவருக்கும் ஊதியம் பொதுப் பணத்திலிருந்தே. ஆனால் கல்லூரி ஆசிரியருக்குத் திறக்கும் கதவு, அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் திறப்பதில்லை.

ராஜிநாமாவை யார் ஏற்பது?

வேலையை விட்டால் போதும் என்பதும் எளிதல்ல. ராஜிநாமாவை ஏற்க வேண்டியது அரசு. எந்த அரசை எதிர்த்து ஒருவர் போட்டியிட விரும்புகிறாரோ, அதே அரசு.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் வடக்கு ரயில்வேயில் பணியாற்றி வந்தார். இந்தியாவில் விளையாட்டு வீரர்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் ரயில்வே, காவல் துறை, ராணுவம், பொதுத் துறை நிறுவனங்களே. கோபர்க் வீரர்களைப் போலவே அவர்களுக்கும் விளையாட்டு ஒரு பாதி, வேலை மறு பாதி. 2024 செப்டம்பர் 6-ல் வினேஷ் ராஜிநாமா செய்து காங்கிரஸில் சேர்ந்தார். அவருக்கு ரயில்வே விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிய செய்தியும் வந்தது. மூன்று மாத முன்னறிவிப்பு விதி குறுக்கே நிற்குமோ என்ற ஐயம் எழுந்தது. சில நாள்களில் ராஜிநாமா ஏற்கப்பட்டது. ஹரியாணாவின் ஜுலானா தொகுதியில் 6,015 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

மத்தியப் பிரதேசத்தில் துணை ஆட்சியராக இருந்த நிஷா பாங்ரேவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 2023 ஜூனில் ராஜிநாமா கடிதம் கொடுத்தார். அது ஏற்கப்படாமல் இழுபட, நீதிமன்றங்களின் கதவைத் தட்டினார். அக்டோபர் பிற்பகுதியில் ராஜிநாமா ஏற்கப்பட்டபோது, அவர் போட்டியிட விரும்பிய ஆம்லா தொகுதிக்குக் காங்கிரஸ் வேறு வேட்பாளரை அறிவித்திருந்தது. பின்னர் அவர் பழைய பணிக்கே திரும்ப விண்ணப்பித்தார்.

தடைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் வாக்குச்சாவடியில் அமர்ந்து தேர்தலை நடத்துவோரில் பெரும் பகுதியினர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அவர்களே ஒரு கட்சியின் வேட்பாளராகவும் இருந்தால் நடுநிலை என்னவாகும்? ஆட்சியராகவோ காவல் அதிகாரியாகவோ இருந்தபடி ஒருவர் தன் தொகுதியைத் தயார் செய்துகொள்வதை எப்படித் தடுப்பது? கிளியரி வழக்கிலும் நீதிபதிகள் இக்கவலைகளை எடைபோட்டனர். அரசு ஊழியராகவும் மக்கள் பிரதிநிதியாகவும் ஒருவரே ஒரே நேரத்தில் கடமையாற்ற முடியாது என்றனர்.

ஆனால், இரு பதவிகளை ஒரே நேரத்தில் வகிப்பது வேறு. போட்டியிடுவதற்காகவே பிழைப்பை இழப்பது வேறு. ஆஸ்திரேலியாவில் மத்திய அரசு ஊழியர் ஒருவர் தேர்தலில் நிற்பதற்காக ராஜிநாமா செய்து தோற்றால், மீண்டும் பணியில் சேரச் சட்டம் வழி செய்கிறது. 44-வது பிரிவையே திருத்த வேண்டும் என்ற பரிந்துரைகளும் வந்தன. 2017-ல் இரட்டைக் குடியுரிமையால் துணைப் பிரதமர் உள்பட ஐவரைத் தகுதியற்றவர்கள் என்று உயர் நீதிமன்றம் அறிவித்ததையடுத்து, 2018-ல் நாடாளுமன்றக் குழு பொது வாக்கெடுப்புக்குப் பரிந்துரைத்தது. அந்த வாக்கெடுப்பு நடைபெறவில்லை. பிரிவு அப்படியே இருக்கிறது. ஆனால் தோற்றவர் திரும்பி வரும் வழியாவது அங்கே திறந்திருக்கிறது.

இந்தியாவில் ராஜிநாமா ஏற்கப்பட்ட பின் தோற்றால், அந்த வேலை மீண்டும் கிடைக்கும் என்ற உறுதி ஏதும் இல்லை. கோடிகளில் சொத்துள்ள வேட்பாளருக்கு இது ஒரு பொருட்டல்ல. மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டும் ஆசிரியருக்கு, பிள்ளையின் கல்விக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கும் ரயில்வே ஊழியருக்கு, அதுவே முதல் தடை. பல நேரங்களில் கடைசித் தடையும் அதுவே. பிறகு, நாடாளுமன்றத்தில் செல்வந்தர்கள் மட்டுமே நிறைந்திருக்கிறார்கள் என்று வருந்திப் பயன் என்ன?

விலக்குப் பட்டியலை நீட்டிக்க வேண்டிய அவசியம் இல்லை. தேர்தலில் போட்டியிடுவதற்காகத் தரப்படும் ராஜிநாமாவைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் ஏற்றாக வேண்டும், விசாரணை ஏதும் நிலுவையில் இல்லாத கீழ்நிலை ஊழியர் தோற்றால் பணிக்குத் திரும்பலாம் என்ற இரு விதிகள் போதும். 2006-ல் தங்கள் பதவிகளைக் காத்துக்கொள்ளச் சில மாதங்களில் சட்டம் இயற்றிய அவைக்கு இது கடினமான வேலை அல்ல.

1992-ல் தங்கள் ஊர் அணியின் பயிற்சியாளருக்கு வாக்களித்த வில்ஸ் தொகுதி மக்கள், அவர் ஆசிரியர் என்பதை அறிந்தே வாக்களித்தனர். தங்களைப் போல உழைத்துச் சம்பளம் வாங்குபவர் என்பதே அவர்கள் அவரிடம் கண்ட தகுதி. சட்டம் கண்ட தகுதிக் குறைவும் அதுவே. தில்லியிலும் அந்தத் தகுதியும் தகுதிக் குறைவும் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன.